செத்தவர் போட்ட ஒன்பதாவது ஓட்டு

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரு துளி மூடநம்பிக்கைகூட இல்லாமல் வாழ்ந்தவன் ஒரே ஒருவன்தான் என்றும், அவன் பெயர் வெண்டெல் க்ரூக் என்றும் வெண்டெல் க்ரூக் கண்டுபிடித்திருந்தான். கண்டுபிடிப்புகளை ஒளித்து வைக்கும் வழக்கம் அவனுக்குக் கிடையாது. கார்வெத் கல்லூரி மாணவர் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் பத்தியில், அந்த நவம்பர் வியாழக்கிழமை, அதையே முதல் வரியாகப் போட்டிருந்தான்.

இரண்டாவது வரி கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றியது. பந்தைக் காலால் தொடுவது மிக அபூர்வமான அந்த அமெரிக்கக் கால்பந்துதான். முப்பத்தொரு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆர்வில் ஹாக்ஸ்ட்ரம், ஆகஸ்ட் மாதப் பயிற்சியில், விசில் வாயில் இருக்கும்போதே மைதானத்தில் விழுந்து இறந்துபோனார். அந்தப் பித்தளை விசிலை, வீரர்கள் மைதானத்துக்குள் நுழையும் சுரங்க வழியில் ஓர் ஆணியில் மாட்டினார்கள். அன்றிலிருந்து அதைத் தொடாமல் ஒருவனும் உள்ளே போவதில்லை. பனிமூட்டமான நாட்களில் அது தானாக ஊதுகிறது என்றும் பேச்சு. இரசாயனத்தில் பட்டம் தரும் ஒரு நிறுவனத்தில் இது நடக்கிறது என்று வெண்டெல் மிகுந்த மரியாதையோடு குறிப்பிட்டிருந்தான்.

இதையெல்லாம் அவன் உரக்க வாசித்துக் காட்டியது லோவெல் டிபெட்ஸிடம். ஆற்றங்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கும் டிபெட்ஸின் மாடியறையில்தான் வெண்டெல் குடியிருந்தான். கடை திறப்பதற்கு முன்பு டிபெட்ஸ் முப்பது வருடம் அந்த லீக்கின் நடுவராக இருந்தவர். எட்டாயிரம் பேர் ஒன்றாக எழுந்து நின்று தன் தாயாரைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போதும் முகம் மாறாமல் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எது காணாமல் போனாலும், யார் பொய் சொன்னாலும், ஜனங்கள் போலீசுக்குப் போகும் வழியில் அவர் கடையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். பாதிப் பேர் போலீஸ்வரை போக வேண்டியிருக்காது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தக் குகைதான் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் டிபெட்ஸ், மீன் கொக்கிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டே.

அப்போது கதவு மணி அடித்தது. ஆற்றுப் பனி கொஞ்சம் உள்ளே வந்தது. அதன் பின்னால் திருமதி ஸ்டெக்கர் வந்தார். எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த ஆற்றங்கரை லீக்கின் ஆணையர் அவர். அறுபது வயது, அவசரமே அறியாத பெண்மணி. அன்று கோட்டுப் பொத்தான்களை ஒன்று தள்ளி ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"லோவெல், எனக்கு எட்டு ஓட்டு வரணும். ஒம்பது வந்திருக்கு," என்றார். பிறகு உட்கார்ந்தார். "ஒம்பதாவது, ஆர்வில் போட்டது."

வெண்டெல் தன் பத்தியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அவர் சொன்னது இதுதான். ஒவ்வொரு வருடமும் லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருதுக்கு எட்டுத் தலைமைப் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போடுவார்கள். தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. ஓரத்தில் எண் அச்சிட்ட அட்டைகளை ஜூலைக் கூட்டத்திலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். நவம்பரில் அவை தபாலில் திரும்பி வரும். ஐந்தாம் எண் அட்டை ஹாக்ஸ்ட்ரமிடம் கொடுக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. ஆகவே அவர் இடத்தில் தற்காலிகமாக வந்த எமெட் ரஸ்க்குக்குப் புது அட்டை ஒன்று கொடுத்தார்கள். இப்போது புது அட்டையும் வந்திருக்கிறது. ஐந்தாம் எண்ணும் வந்திருக்கிறது.

இரண்டையும் மேசைமேல் வைத்தார். புது அட்டையில் எமெட் ரஸ்க், தன் ஒரே போட்டியாளரான மெர்ல் டாஸுக்கு ஓட்டுப் போட்டிருந்தார். ஐந்தாம் எண் அட்டையில் பெரிய எழுத்தில் 'எமெட் ரஸ்க்' என்று எழுதியிருந்தது.

"இதைச் சேக்காம எண்ணினா ரெண்டு பேருக்கும் நாலு நாலு. சேத்தா எமெட் ஜெயிச்சுடறாரு."

அந்த ஒரு ஓட்டில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். விருது வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் புது ஆளைத் தேடுவோம் என்று கல்லூரி அறங்காவலர்கள் எமெட்டிடம் சொல்லியிருந்தார்கள். வேலை போனால் கல்லூரி கொடுத்த வீடும் போகும். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

டிபெட்ஸ் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் ஓர் ஆட்டத் திட்டம் பேனாவால் வரையப்பட்டிருந்தது. வட்டங்கள் தாக்கும் அணி, சிலுவைகள் தடுக்கும் அணி, அம்பு பந்து போகும் வழி. அதன் கீழே நேராக, 'பால்காரன்' என்று எழுதியிருந்தது.

பால்காரனைத் தெரியாதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. பந்தைப் பிடித்தவன் அதை வேறொருவன் கையில் வைத்துவிட்டு, விடிகாலையில் பால் வைத்துவிட்டுப் போகிறவனைப் போல ஒன்றும் நடக்காதது மாதிரி அந்தப் பக்கம் நடந்துவிடுவான். ஹாக்ஸ்ட்ரமின் சொந்தக் கண்டுபிடிப்பு. தன் ஓட்டு அட்டையின் பின்னால் ஒவ்வொரு வருடமும் அதைத்தான் வரைந்து அனுப்புவார். கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக அது.

"பழைய அட்டை ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

திருமதி ஸ்டெக்கர் போன வருடத்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் வட்டங்கள் கீழே, சிலுவைகள் மேலே, அம்பு மேல்நோக்கி. ஐந்தாம் எண் அட்டையிலோ சிலுவைகள் கீழே, வட்டங்கள் மேலே, அம்பு கீழ்நோக்கி இறங்கியது. மற்றபடி புள்ளி பிசகவில்லை.

"தலைகீழா இருக்கு," என்றான் வெண்டெல்.

"ஆமா." திருமதி ஸ்டெக்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மண்ணுக்குள்ளேருந்து மேல பாத்து வரைஞ்சா அப்படித்தானே தெரியும்?"

வெளியே பனிக்குள் ஒரு படகு எதையோ இடித்துக்கொண்டே இருந்தது. வெண்டெல் இதற்கு ஒரு கிண்டல் யோசித்தான். வரவில்லை. அது அவனுக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை நண்பகலில் எட்டுக் கல்லூரித் தலைவர்களுக்கு முன்னால் ஓட்டுகளை எண்ண வேண்டும். அதற்குள் விடை தெரியாவிட்டால் எமெட்டை விருதிலிருந்து நீக்கி, கள்ள ஓட்டுச் சந்தேகம் என்று அவர் பெயரை அறங்காவலர்களிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மத்தியானம் முதலில் ஹாக்ஸ்ட்ரமின் மனைவி லொரீன் வீட்டுக்குப் போனார்கள். அவர் அழவில்லை, காப்பி கொடுத்தார். கணவரின் திட்டப் புத்தகம், ஜூலைக் கூட்டத்துக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டாராம். சடங்குக்கு வந்திருந்த உதவிப் பயிற்சியாளர்கள் எடுத்துப்போய்ப் பயிற்சியாளர் அறை அலமாரியில் வைத்தார்கள். அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று எமெட்டிடம், இன்னொன்று தடுப்புப் பயிற்சியாளர் கர்ட் ஹேபலிடம்.

கிளம்பும்போது டிபெட்ஸ், ஆர்வில் இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பார் என்று கேட்டார்.

"எதிராளிக்குத்தான். சொந்த வீட்டு ஆளுக்கு ஓட்டுப் போடறது வெக்கங்கெட்ட வேலைன்னுவாரு," என்றார் லொரீன்.

மைதானத்துக்குச் சுரங்க வழியாகத்தான் போக வேண்டும். சிமெண்ட் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, விசில் தொங்கியது. டிபெட்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு விரலால் அதைத் தொட்டார். விரலைப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"யாரோ இப்பத்தான் ஊதின மாதிரி," என்றார்.

"பனி சார். குளிர்ந்த பித்தளைல தண்ணி கோக்கும். எட்டாங் கிளாஸ் பாடம்," என்றான் வெண்டெல். கைகள் இரண்டையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவன்போல விசிலைத் தாண்டி நடந்தான்.

பயிற்சியாளர் அறையில் ஹாக்ஸ்ட்ரமின் நாற்காலி காலியாகவே இருந்தது. மேலே கோட்டு, கீழே ஒரு ஜோடி செருப்பு. யாரும் எடுத்து வைக்கத் துணியவில்லை. எமெட் ரஸ்க் அதற்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், இருபது வருடமாகத் தாக்கும் அணியைப் பழக்கியவர். வெண்டெல் முதல் வருடம் அவரை 'நாற்காலிக்கு நிழல்' என்று பத்தியில் எழுதியபோது அதை வெட்டித் தன் குளிர்பெட்டிமேல் ஒட்டிவைத்தவர். அதிலிருந்து அவரைக் கிண்டல் செய்வதில் வெண்டெலுக்குச் சுவை போய்விட்டது.

விருதில் ஒரு சிக்கல் என்று மட்டும் டிபெட்ஸ் சொன்னார். எமெட் தலையாட்டினார். பிறகு, பால்காரனை எனக்குச் சரியாகப் புரியவைக்க முடியுமா என்று டிபெட்ஸ் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. வெள்ளைப் பலகையின் அடியில் வட்டங்கள் போட்டு, மேலே சிலுவைகள் போட்டு, அம்பை மேல்நோக்கி ஓட்டினார். 'நம்ம பசங்க இங்க, போற வழி அங்க' என்று, நேற்றுத்தான் கற்றுக்கொண்டவர்போல உற்சாகமாகச் சொன்னார்.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு கர்ட் ஹேபல் வந்தார். இரண்டு கையிலும் தட்டு. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துச் சில்லி என்கிற கறி-பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். ஒன்றை எமெட் முன்னால் வைத்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு.

"என்ன நடுவரே, பால்காரன் பாடமா? அத எங்கிட்ட கேளுங்க. இருபத்தோரு வருஷம், ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் ஆர்வில் அத என் பசங்க மேலதான் ஓட்டிப் பாப்பாரு. தூக்கத்துலகூட என்னப் பாத்து ஓடி வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டெலும் சிரித்தான். சிரித்தபடியே காலி நாற்காலியைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

வெளியே வந்தபோது பனி கனத்துவிட்டது. பயிற்சி முடிந்து மைதானம் காலியாக இருந்தது. கம்பங்களின் பாதிதான் தெரிந்தது. சுரங்க வழிக்குப் பாதி தூரத்தில் அவர்கள் இருந்தபோது, பின்னால், மைதானத்தின் நடுவிலிருந்து, சின்னதாக ஒரு விசில் சத்தம் வந்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் ஒற்றை ஊதல்.

இருவரும் நின்றார்கள்.

"காடை," என்றான் வெண்டெல்.

"நவம்பர்ல காடை கத்தாது தம்பி."

"அப்ப என்ன சார் அது?"

"தெரியல," என்றார் டிபெட்ஸ், வேறெந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிற அதே குரலில். நடக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் வெண்டெல் தன் முடிவைச் சொன்னான். சொல்ல அவனுக்கு விருப்பமில்லை. சாவி இரண்டு பேரிடம். லாபம் ஒருவருக்கு. எமெட் தன் நிஜ ஓட்டைப் போட்டியாளருக்குப் போட்டுவிட்டு, செத்தவர் பெயரில் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டார். 'யோக்கியன் வேஷம்' என்றான். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவனுக்கே கசந்தது. மூன்று பெண் குழந்தைகளும் சாமான் வண்டியில் ஏறும் காட்சி கண்முன் வந்தது.

டிபெட்ஸ் கொக்கிப் பெட்டியை மூடினார். "லீக்ல எத்தனை பயிற்சியாளர்?"

"எட்டு."

"எட்டுன்னு எமெட்டுக்குத் தெரியுமா தெரியாதா?"

வெண்டெல் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, ஒன்பதாவது விரலில் நின்றான்.

"நாளைக்குக் காலைல திருமதி ஸ்டெக்கர வரச் சொல்லு. நீயும் ரெண்டு பேனா கொண்டு வா," என்றார் டிபெட்ஸ்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். காலி நாற்காலியைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் ஆறு என்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. டிபெட்ஸ் பலகையைத் துடைத்துவிட்டு, எமெட்டிடமும் கர்ட்டிடமும் ஆளுக்கொரு காகிதமும் பேனாவும் கொடுத்தார். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பால்காரனை வரையச் சொன்னார். பெயரையும் எழுதச் சொன்னார். கர்ட் சிரித்துக்கொண்டே வரைந்தார். எமெட் சிரிக்காமல் வரைந்தார். இரண்டு பேருக்கும் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

டிபெட்ஸ் காகிதங்களை மேசையில் வைத்து, நடுவில் ஐந்தாம் எண் அட்டையை வைத்தார்.

எமெட்டின் காகிதத்தில் வட்டங்கள் கீழே, அம்பு மேலே. கர்ட்டின் காகிதத்தில் சிலுவைகள் கீழே, வட்டங்கள் மேலே, அம்பு கீழே இறங்கியது. அட்டையில் இருந்தது போலவே.

கர்ட்டின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் அவர் அங்கே இல்லை.

"நேத்து இந்தத் தம்பி தலைகீழா இருக்குன்னான்," என்றார் டிபெட்ஸ். "அம்மா, மண்ணுக்குள்ளேருந்து வரைஞ்சதுன்னு நினைச்சீங்க. நானும் கொஞ்ச நேரம் அதப் பத்தி யோசிச்சேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா முப்பது வருஷம் நான் மைதானத்துல நடுவுல நின்னவன். ஒரே ஆட்டத்த ரெண்டு பக்கத்துலேருந்தும் பாத்திருக்கேன். தாக்கற பக்கத்து ஆளு எப்பவும் தன் பசங்கள வயித்துப் பக்கம் வெச்சு, தன்னவிட்டுப் போற மாதிரி வரைவான். தடுக்கற பக்கத்து ஆளு, அது தன்னை நோக்கி வர மாதிரி வரைவான். ஆர்வில் சாகற வரைக்கும் தாக்கற ஆளு. எமெட்டும் அப்படித்தான். இந்த அட்டைய வரைஞ்சவன் பால்காரன் பின்னாடி நின்னு பாத்ததே இல்ல. எதிர்ல நின்னு பாத்திருக்கான். செவ்வாக்கெழமை தோறும்."

"ஆனா கர்ட் எதுக்கு எமெட்ட ஜெயிக்க வைக்கணும்?" என்றார் திருமதி ஸ்டெக்கர்.

"ஜெயிக்க வைக்க இல்லம்மா. எட்டு பேர் இருக்கற எடத்துல ஒம்பது ஓட்டு வந்தா முதல் நாளே தெரிஞ்சுபோயிடும். எமெட்டுக்குப் புது அட்டை வந்தது இந்த அறையில எல்லாருக்கும் தெரியும். இது மாட்டிவிடறதுக்குன்னே போட்ட ஓட்டு. எமெட் பேர் கெட்டுப் போனா அடுத்த ஆளு யாரு?"

எமெட் மெதுவாகத் திரும்பி, நேற்று தனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனிதரைப் பார்த்தார்.

கர்ட் நீண்ட நேரம் தன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தான் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை இப்போதுதான் காகிதத்தில் பார்க்கிறவர்போல.

"அவருக்கு ஆறு தடவ அந்த விருது கெடச்சுது," என்றார் கடைசியில். "ஆறு விருந்துக்கும் நான் போனேன். தாக்கறதப் பத்தி ஆறு பேச்சு. தடுத்தவனுக்குன்னு ஒரு கேடயம்கூட கெடையாது, தெரியுமா? அவர் போனதும், சரி, இனிமே நம்மளக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். எமெட்டக் கூப்பிட்டாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கர்ட்," என்றார் எமெட்.

"சொல்லி?"

எமெட் கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

நாளை கர்ட் மைதானத்தில் இருக்க முடியாது என்று திருமதி ஸ்டெக்கர் சொன்னார். ஐந்தாம் எண் செல்லாது, நான்குக்கு நான்கு. சம ஓட்டு வந்தால் அந்த இருவரின் அணிகள் மோதும் ஆட்டத்தில் ஜெயித்தவருக்கே விருது என்பது லீக்கின் பழைய விதி. கார்வெத்துக்கும் டாஸின் அணிக்கும் ஆட்டம் மறுநாள் ஒரு மணிக்கு, அதே மைதானத்தில்.

கர்ட் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"டாஸோட பசங்க மூணு கெஜம் வேணும்னா இடது பக்கந்தான் வருவாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "எட்டு பேர முன்னாடி நிறுத்து."

சுரங்க வழியாக அவர் போகும் காலடிச் சத்தம் கேட்டது. வழக்கமாக எல்லாரும் ஒரு கணம் நிற்கும் இடத்தில் அது நிற்கவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனி விலகவே இல்லை. மேல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஆட்டத்தைக் காதால் பார்த்தார்கள். நாலாவது கால்பகுதியில் டாஸின் பசங்கள் இடது பக்கம் வந்தார்கள். அங்கே எட்டுப் பேர் நின்றார்கள். நாற்பது விநாடி மிச்சமிருக்கும்போது கார்வெத் நாலு புள்ளி பின்தங்கி, எல்லைக்கோட்டுக்கு மூன்று கெஜத்தில் பந்தோடு நின்றது. எமெட் பால்காரனை அனுப்பினார். அது வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆற்றில் இருந்த மீனுக்குத் தெரியும். இருந்தும் பனிக்குள் பந்து எவன் கையில் போனதென்று ஒருவனும் பார்க்கவில்லை. ஏழு புள்ளி சேர்ந்து, மூன்று புள்ளி வித்தியாசத்தில் கார்வெத் ஜெயித்தது. எமெட் ரஸ்க்குக்கு விருதும் வேலையும் வீடும் கிடைத்தன. விருந்துப் பேச்சில் அவர் தடுப்பைப் பற்றி மட்டும் பேசினார்.

அடுத்த வாரப் பத்தியில் இதையெல்லாம் வெண்டெல் விவரமாக எழுதினான். தலைகீழ் வரைபடத்தை விளக்கினான். விசிலின் ஈரத்தை விளக்கினான். வியாழக்கிழமை கேட்ட ஊதலைக் காடை என்று எழுதி, அடித்து, அந்த வரியையே எடுத்துவிட்டான்.

அவன் எழுதாதது ஒன்று உண்டு. நாற்பது விநாடி மிச்சமிருந்தபோது எதிரணி ஆட்டத்தை நிறுத்தி ஒரு நிமிடம் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மாடத்தில் இருந்த வெண்டெல், கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு இறங்கினான். கழிவறை வலது பக்கம். அவன் இடது பக்கம் திரும்பினான்.

சுரங்க வழியில் யாரும் இல்லை. முன்னும் பார்த்தான், பின்னும் பார்த்தான். மூன்று பெண் குழந்தைகள் முதல் வரிசையில் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த வாசல் வழியாக மங்கலாகத் தெரிந்தது. வெண்டெல் தொப்பியைக் கழற்றினான். குதிகாலை உயர்த்தி, இரண்டு விரலால் விசிலைத் தொட்டான்.

நவம்பர் மாதப் பித்தளை எவ்வளவு குளிர வேண்டுமோ, அவ்வளவு குளிரவில்லை. அவன் கையை எடுக்கவில்லை.